வளரும் நாடுகளும் நீடித்த வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்று பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே ஒன்றாகப் போட்டுவைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே மூச்சில் முடிந்துவிடும். என் சொந்தக் கருத்தும் ஆங்காங்கே எட்டிப்பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளரும் நாடு என்று யாரைச் சொல்கிறார்கள்?

எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லை. உலக வங்கி தனிநபர் வருமானத்தை வைத்து நாடுகளை நான்கு தட்டுகளாகப் பிரிக்கிறது. உலக வர்த்தக அமைப்பிலோ "நான் வளரும் நாடு" என்று ஒரு நாடு தானே சொல்லிக்கொண்டால் போதும். ஐநா 1971 முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, 2024 இறுதியில் அதில் 44 நாடுகள் இருந்தன. 1992 பருவநிலை ஒப்பந்தத்தின் பட்டியலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை, சிங்கப்பூரும் கத்தாரும்கூட அதில் வளர்ந்த நாடுகள் பக்கம் இல்லை. ஆகவே சீனாவையும் சாட் நாட்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக்கொடுப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் கீழ் இரண்டு தட்டு நாடுகளைப் பற்றி.

நீடித்த வளர்ச்சி என்பது வெறும் அலங்காரச் சொல்தானே?

இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது, ஆனால் பிறந்தபோது அப்படி இல்லை. நார்வே பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருந்த்லாந்து தலைமையில் ஐநா அமைத்த ஆணையம் 1987-இல் கொடுத்த விளக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும்: வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த வரியை விட்டுவிடுவார்கள். 'தேவை' என்பதில் உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளுக்கே எல்லாவற்றுக்கும் மேலான முன்னுரிமை என்று அந்த அறிக்கை அங்கேயே சொல்லியிருக்கிறது. அந்த வரியைச் சேர்த்துப் படித்தால், மின்சாரமே பார்க்காத ஒரு குடும்பத்திடம் போய் சிக்கனம் பேச யாருக்கும் வாய் வராது. 2015-இல் ஐநா 17 இலக்குகளும் அவற்றுக்குள் 169 உள்-இலக்குகளும் வகுத்தது. 169 முன்னுரிமைகள் என்றால் முன்னுரிமையே இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் வளர்ந்துவிட்டு அப்புறம் சுத்தம் செய்துகொள்ளலாமே? பணக்கார நாடுகள் அப்படித்தானே செய்தன?

சில விஷயங்களில் அது நடந்தது உண்மை. 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகைமூட்டம் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, 1956-இல் சட்டம் வந்தது, புகை குறைந்தது. காற்று அந்த அளவுக்கு மன்னிக்கும். எல்லாமும் மன்னிக்காது.

உஸ்பெகிஸ்தானில் மொய்னாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒருகாலத்தில் அது ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகம், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை எல்லாம் இருந்தது. 1960களிலிருந்து சோவியத் அரசு பருத்திச் சாகுபடிக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட, உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது கண்ணெதிரே வற்றியது. இன்று மொய்னாக்கில் துருப்பிடித்த படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் இல்லை. ஏரிப்படுகையில் தங்கிய உப்பும் பூச்சிமருந்தும் தூசியாகக் கிளம்பி மக்களின் நுரையீரலுக்குள் போகிறது. வடக்கே கஜகஸ்தான் 2005-இல் ஓர் அணை கட்டி ஏரியின் சிறு பகுதியை மீட்டுக்கொண்டது, மீனும் திரும்பியது. தெற்குப் பகுதி போனது போனதுதான். பருத்தி விற்ற பணம் போன இடம் வேறு, தூசியைச் சுவாசிப்பவர்கள் வேறு. இந்தக் கதை முழுக்க நீங்கள் பார்க்கப்போவது இதைத்தான்: லாபம் ஒருவர் கணக்கில், செலவு இன்னொருவர் கணக்கில்.

பருவநிலை மாற்றத்துக்குக் காரணம் பணக்கார நாடுகள், ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும்?

கணக்கு பணக்கார நாடுகள் பக்கம் இல்லை என்பது சரிதான். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை வெளியான கரியமில வாயுவில் கால்வாசி அளவு அமெரிக்கா ஒன்றினுடையது, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் சேர்த்தே 3 சதவீத அளவுதான். ஒரு அமெரிக்கர் ஓராண்டில் 14 டன் அளவுக்கு வெளியிடுகிறார், நைஜர் நாட்டவர் ஒருவரின் பங்கு 0.1 டன். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். உலக உமிழ்வில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே.

ஆனால் இந்த வாதத்தை ஓர் அரசு தன் நகரத்தின் புகைக்கும் தன் ஆற்றின் சாயக்கழிவுக்கும் கேடயமாகப் பிடிக்கும்போது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் வாஷிங்டனில் இல்லை.

உதவுவதாகச் சொன்ன பணம் வந்ததா?

2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு: 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். நிறைவேறியது 2022-இல்தான், அதிலும் அரசுகள் தந்த பணத்தில் பெரும்பகுதி கடன். வீடு எரிந்தவனுக்கு வட்டிக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. 2024-இல் பாகூ மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று அடுத்த வாக்கு வந்திருக்கிறது. இழப்புகளுக்கு ஈடு தர ஒரு நிதியம் 2022-இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது, அதில் இதுவரை சேர்ந்தது பாகிஸ்தானின் ஒரே வெள்ளத்துக்குக்கூடப் போதாது.

எக்குவடோர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். யசுனி என்ற அமேசான் காட்டுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. 2007-இல் அந்நாட்டு அதிபர் ரஃபேல் கொர்ரேயா உலகத்திடம் சொன்னார்: எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், எங்களுக்கு வரக்கூடிய வருமானத்தில் பாதி, அதாவது 360 கோடி டாலர் கொடுங்கள். உலகமே பாராட்டியது. 2013 வரை கைக்கு வந்து சேர்ந்தது சுமார் 1.3 கோடி டாலர். திட்டத்தைக் கைவிட்டார்கள், துளையிட ஆரம்பித்தார்கள். பிறகு 2023 ஆகஸ்டில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது அந்நாட்டு மக்களே, கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர், அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொல்லி வாக்களித்தார்கள். கை தட்டியவர்கள் கொடுக்காததை, வருமானம் இழக்கப்போகிறவர்கள் கொடுத்தார்கள்.

கடன் எல்லா நாட்டுக்கும்தான் இருக்கிறது. ஏழை நாடுகளுக்கு மட்டும் என்ன பெரிய பிரச்சினை?

கடன் அளவைவிட வட்டியும், எந்த நாணயத்தில் கடன் என்பதும்தான் பிரச்சினை. அமெரிக்கா டாலரில் கடன் வாங்குகிறது, டாலரை அச்சடிப்பதும் அமெரிக்காதான். சாம்பியா டாலரில் கடன் வாங்கும், வரி வசூலிப்பது தன் சொந்த நாணயமான குவாச்சாவில். 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டியை ஏற்ற ஆரம்பித்து அடுத்த ஆண்டே 5 சதவீதத்தைத் தாண்டவிட்டதும், எங்கோ உள்ள நிதியமைச்சர் எந்தத் தவறும் செய்யாமலே அவருடைய கடன் கூடிப்போனது. (தவறு செய்தவர்களும் உண்டு. ஓடாத விமான நிலையத்துக்கும் யாரும் போகாத நெடுஞ்சாலைக்கும் கடன் வாங்கியவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.) சாம்பியா 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் நின்றது, இலங்கை 2022 ஏப்ரலில், கானா அதே ஆண்டு டிசம்பரில். சீனா ஒரு பக்கம், தனியார் கடன்பத்திரக்காரர்கள் ஒரு பக்கம், யார் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்று இழுத்தடித்து சாம்பியாவின் பத்திரக்காரர்களோடு கணக்கு முடிய 2024 ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் கடும் வறட்சி வந்து, நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த நாடு இருளில் கிடந்தது. கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் வாழ்பவர்கள் 330 கோடிப் பேர் என்று ஐநாவின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நிலக்கரி மின்நிலையத்தில் செலவின் ஒரு பகுதி எரிபொருளாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். சூரிய மின்நிலையத்தில் வெயில் இலவசம், ஆனால் முழுச் செலவும் முதல் நாளே. ஆகவே வட்டிதான் அதன் எரிபொருள். 100 கோடி கடன் வாங்கி 20 ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை சுமார் 7.4 கோடி, 12 சதவீதத்தில் சுமார் 13.4 கோடி. அதே தகடு, அதே வெயில், மின்சாரத்தின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. உலகின் சிறந்த சூரிய வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருந்தும் நிறுவப்பட்ட சூரிய மின்திறனில் அதன் பங்கு 1 சதவீத அளவில் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டதே, பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாதா?

பாகிஸ்தானைப் பாருங்கள். 2024 ஒரே ஆண்டில் சுமார் 17 ஜிகாவாட் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. அரசு திட்டம்போட்டுச் செய்ததல்ல, மின்கட்டணம் தாங்காமல் வீட்டுக்காரர்களும் ஆலைக்காரர்களும் விவசாயிகளும் தாங்களாகவே வாங்கிப் போட்டது. நல்லதுதானே என்றால், நல்லதுதான். ஆனால் பழைய மின்நிலையங்களுக்கு மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது, அதுவும் பலவற்றில் டாலர் விலைக்குக் கட்டிவைத்தது. கூரையும் காசும் உள்ளவர்கள் பொது மின்கம்பியை விட்டு விலக விலக, அந்தச் சுமை மிச்சமிருக்கும் வாடகை வீட்டுக்காரர்கள் பில்லில் ஏறுகிறது. தொழில்நுட்பம் ஜெயித்த இடத்திலும் பில் யாருக்கு என்ற கேள்வி போகவில்லை.

இடைக்கட்டங்களைத் தாண்டி நேராகப் புதிய தொழில்நுட்பத்துக்குக் குதித்துவிட முடியாதா?

சிலவற்றில் முடியும். கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசாவால் வங்கிக் கிளையைப் பார்க்காதவர்களும் கைபேசியில் பணம் அனுப்பினார்கள். எத்தியோப்பியா 2024-இல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. காரணம் பசுமைக் காதல் என்பதைவிட, எரிபொருள் வாங்க டாலர் இல்லை, நீர்மின்சாரம் கைவசம் இருக்கிறது என்பதுதான். ஆனால் கழிவுநீர்க் குழாயைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. சிமெண்ட், இரும்பு இல்லாமல் பள்ளிக்கூடம் கட்ட முடியாது. சகாராவுக்குத் தெற்கே இன்னும் சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் விறகிலும் வறட்டியிலும் கரியிலும் சமைக்கிறார்கள், வீட்டுக்குள் சேரும் அந்தப் புகையால் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இவர்கள் சமையல் எரிவாயுவுக்கு மாறுவதைப் புதைபடிவ எரிபொருள் என்று தடுப்பவர்கள் ஒருநாள் அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நல்ல நோக்கத்தோடு வரும் திட்டங்கள்கூட ஏன் பாதியில் படுத்துவிடுகின்றன?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அடிபம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் இந்தியாவில் யுனிசெஃப் துணையோடு உருவான 'இந்தியா மார்க் 2' பல நாடுகளுக்குப் போனது. உறுதியான பம்பு, வடிவத்துக்குக் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் அடியில் உருளைக்குள் ஒரு வாஷர் இருக்கிறது, அது தேயும். சின்னப் பொருள். அதை மாற்ற வேண்டுமென்றால் கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாய் முழுவதையும் ஒவ்வொரு நீளமாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும், அதற்கு முக்காலி, கருவிகள், நாலைந்து ஆட்கள், வேன். நன்கொடையாளர் பம்பு நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், வேனுக்கு யார் டீசல் போடுவது? இதைப் புரிந்துகொண்டுதான் குழாயை இழுக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கும்படி மார்க் 3 வந்தது. தொடக்க விழாவுக்கு நிதி கிடைக்கும், வாஷருக்குக் கிடைக்காது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் எந்த நேரத்தில் எண்ணினாலும் ஏராளமான அடிபம்புகள் தண்ணீர் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறைதான்.

வங்கதேசத்தில் நடந்தது இன்னும் கொடுமை. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள், அதனால் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறு போட்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர்தான், ஆனால் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 1993-இல் கண்டுபிடித்தபோது கோடிக்கணக்கானவர்கள் குடித்து முடித்திருந்தார்கள். அப்புறம் கிணறு கிணறாகச் சோதித்து, ஆர்சனிக் மிகுந்த பம்புக்குச் சிவப்புச் சாயம், நல்லதற்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். வாசலிலேயே சிவப்புப் பம்பு நிற்க, பச்சைப் பம்பு இன்னொருவர் முற்றத்தில் இருந்தால் ஒரு பெண் தினமும் குடத்தோடு போய் அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நாளடைவில் சாயம் உதிரும், புதுக் கிணறுகள் சோதனையே இல்லாமல் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை இந்தக் கதையில்.

அப்படியானால் எதுவுமே வேலை செய்யவில்லையா?

அதே வங்கதேசம்தான் எதிர் உதாரணமும். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் தொண்டர்களை வைத்து எச்சரிக்கைத் திட்டம் தொடங்கினார்கள். இப்போது 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள், கையில் ஒலிபெருக்கியும் எச்சரிக்கைக் கொடியும். 2007-இல் சிதர் புயல் மிகக் கடுமையாக அடித்தும் இறந்தவர்கள் 3,400 அளவில் நின்றது. கவனிக்க வேண்டியது சின்ன விஷயங்களை: ஆடு மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மக்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், கால்நடைக்கும் இடம் வைத்துப் புகலிடம் கட்டினார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டியது.

கோஸ்டா ரிகாவையும் சொல்வார்கள். 1980களில் கால்வாசி அளவுக்குச் சுருங்கிப்போன காடு இன்று நாட்டில் பாதிக்கும் மேல். எரிபொருள் வரியிலிருந்து எடுத்து, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு 1997 முதல் பணம் தருகிறார்கள். மாட்டிறைச்சி விலை விழுந்ததும் அதற்குக் கைகொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

கனிமவளம் உள்ள நாடுகள் ஏன் இன்னும் ஏழையாக இருக்கின்றன?

தோண்டி எடுப்பது ஓர் இடம், மதிப்பு கூடுவது வேறு இடம். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தில் உலகின் 70 சதவீத அளவு காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிடைக்கிறது, பெரும்பகுதி சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. இந்தோனேசியா இதை உடைக்க 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது, உருக்காலை இங்கே வை என்றது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டு 2022-இல் ஜெயித்தது, இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டு நடத்திக்கொண்டே போகிறது. ஆலைகள் வந்தன, வேலை வந்தது. அந்த ஆலைகளோ நிலக்கரியில் ஓடுகின்றன. மின்சாரக் காரின் பேட்டரிக்கும் போகும் நிக்கலுக்காக. போட்ஸ்வானா வைர வருமானத்தைப் பாதிக்குப் பாதி கூட்டு நிறுவனம் வைத்துப் பள்ளிக்கும் சாலைக்கும் கொண்டுபோனது, அதற்கு மரியாதை உண்டு, ஆனால் ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்ததும் அங்கேயும் வயிற்றில் புளி கரைகிறது.

மக்கள்தொகைதானே எல்லாவற்றுக்கும் மூலம்?

இல்லை. மேலே சொன்ன 14 டன்னையும் 0.1 டன்னையும் இன்னொரு முறை பாருங்கள். பெண்கள் படித்து, குழந்தைகள் பிழைத்தால் பிறப்பு விகிதம் தானே இறங்கும். வங்கதேசத்தில் 1970களில் ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 7 குழந்தை, இப்போது 2 அளவில்.

இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன?

இலங்கை 2021 ஏப்ரலில் செய்து பார்த்தது. ஒரு பருவம் அவகாசம்கூட இல்லை, இயற்கை உரம் கைவசம் இல்லை, பின்னணியில் இறக்குமதிக்கு டாலர் இல்லாத நெருக்கடி வேறு. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிவாங்கியது, நவம்பரில் தடையை விலக்கினார்கள். இதை வைத்து இயற்கை விவசாயமே பொய் என்று சொல்பவர்களும் அவசரப்படுகிறார்கள். தோற்றது மண் அல்ல, அறிவிப்பு.

2030-க்குள் அந்த 17 இலக்குகளும் நிறைவேறுமா?

நிறைவேறாது. ஐநாவின் 2024 அறிக்கைப்படி உள்-இலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருந்தன. அதே சமயம், ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2000-இல் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு நெருக்கமாக இருந்தது 2022-இல் 50 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. தடுப்பூசி, கொசுவலை, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். இதில் கொசுவலைக்கும் தடுப்பூசிக்கும் பணம் தந்துகொண்டிருந்த அரசுகள் சில 2025-இல் கையை இழுத்துக்கொண்டன, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் ஜூலை 1 அன்று மூடப்பட்டது.